மலைநாட்டுப் பெண்குரலும் அச்சேறிய பெயரும்

தோற்றுவாய்

இலங்கைத் தீவின் நடுவண் ஓங்கி நிற்கும் மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் பயிரின் வரலாறாகவும் சட்டத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி எப்பொழுது வந்தது, தேயிலை எப்பொழுது தழைத்தது, கூலி எத்தனை சதம், குடியுரிமை எந்த ஆண்டில் மறுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் பல உள. அம்மலைகளிலே பாடிய பெண்கள் யாவர், அவர்தம் பாட்டு எவ்வாறு பரவிற்று, அவர்தம் பெயர் ஏன் மறைந்தது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவன மிகச் சில.

கலைஞர் ஒருவர் தம் ஆற்றலால் மட்டுமே தோன்றி வளர்கின்றார் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. வரலாறு அதனை முற்றும் ஒப்புவதில்லை. ஆற்றலோடு வேறு நான்கும் வேண்டும். சொல்லைத் தாங்கிச் செல்லும் கருவி ஒன்று. அதனைக் கேட்போர் கூடும் களம் ஒன்று. இஃது இன்னாருடையது என்று பொறிக்கப்படும் பெயர் ஒன்று. இவற்றைத் தேடித் தரும் துணைவர் கூட்டம் ஒன்று. இந்நான்கும் கிடைத்த காலத்து மலைநாட்டுப் பெண்குரல் ஓங்கியதும், கிடையாத காலத்து அது லயத்தின் சுவர்களுக்குள்ளே அடங்கியதும் அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்குப் புலனாகும்.

பெயரில்லாப் பாட்டு

1820களில் கம்பளைப் பகுதியிலே தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருள் பெரும்பாலோர் ஆடவர். அறுவடைக் காலத்து வந்து, அது முடிந்தபின் ஊர் திரும்புவது அவர்தம் வழக்கம். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்தது. அதன்பின் தேயிலை மலைகளை மூடிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது; ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டுவது. ஆதலின் வந்து போகும் ஆடவர் கூட்டத்திற்குப் பதிலாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொள்ள நேர்ந்தது. கொழுந்து பறிக்கும் தொழில் பெரிதும் பெண்களின் தொழிலாயிற்று. மலைநாட்டுத் தமிழ்ச் சமூகம் நிலைத்த சமூகமாக உருப்பெற்றதற்குப் பெண்ணின் உழைப்பே அடிப்படை எனின் மிகையாகாது.

அவ்வுழைப்பிற்கு அளிக்கப்பட்ட மதிப்பு வேறாயிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழியே வகுக்கப்பட்ட நாட்கூலி, உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் ஆகும். விடியுமுன் தப்பொலி கேட்டெழுந்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, மாலையில் நிறுவைக்கு நின்று, லயத்துக்கு மீண்டு அடுப்பு மூட்டியவளின் நாள் ஆணின் நாளினும் நீண்டது. அவள் கூலியோ குறைந்தது. ஆண், பெண் இருபாலார்க்கும் ஒரே நாட்கூலி என்னும் நிலை 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பின்னரே எய்தப்பட்டது.

இத்தகைய வாழ்வின் நடுவே பாட்டு இருந்தது. தொட்டிலருகே தாலாட்டும், மலையிலே தொழிற்பாட்டும், திருவிழாவிலே கும்மியும், சாவு வீட்டிலே ஒப்பாரியும் பெண்களால் பாடப்பட்டன. கங்காணியின் கடுமை, கணக்கப்பிள்ளையின் கணக்கு, கடல் கடந்து வந்த துயர், ஊரில் விட்டுவந்த உறவு யாவும் அப்பாடல்களில் இடம்பெற்றன. ஆயினும் மேடை பெண்ணுக்கு உரியதாயிருக்கவில்லை. மாசி மாதத்திலே தோட்டந்தோறும் நிகழும் காமன் கூத்து மலைநாட்டின் தலைசிறந்த கலைநிகழ்ச்சி. மரபின்படி அதில் மன்மதன் வேடம் புனைபவனும் ஆண். ரதி வேடம் புனைபவனும் ஆண். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்களும் ஆடவர் ஆடியவையே. பெண்ணின் கலை மேடையேறாத கலையாக, வேலையோடும் வீட்டோடும் பிணைந்த கலையாக நின்றது.

இப்பாடல்களைத் தொகுத்தோர் செய்த தொண்டு பெரிது. புண்டலுஓயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. சாரல் நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்து நூல் செய்தார். இவர்கள் இலரேல் அப்பாடல்களுட் பல காற்றோடு போயிருக்கும். ஆயினும் நாட்டார் பாடலைத் தொகுக்கும் மரபு எங்கணும் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வந்துள்ளது. தொகுத்தவர் பெயர் நூலின் முகப்பில் நிற்கும்; பாடியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் நில்லாது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது மக்கள் அனைவருக்கும் பொது என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

இக்காரணம் தாலாட்டுக்கும் கும்மிக்கும் ஓரளவு பொருந்தும். ஒப்பாரிக்கு அது முழுவதும் பொருந்துமாறில்லை. ஒப்பாரியின் உருவும் உவமையும் மரபால் வந்தவை. ஆனால் இறந்தவர் பெயரையும், அவர் பட்ட பாட்டையும், அவர் விட்டுச் சென்ற மக்களையும் அந்த நேரத்தில் அந்த மரபினுள் வைத்துப் புனைபவள் ஒருத்தி. அவளுக்கு முகம் உண்டு, ஊர் உண்டு, பெயர் உண்டு. ஆசிரியர் இல்லாமையால் அவள் பெயர் மறைந்தது என்பதினும், கேட்டு எழுதுவார் இல்லாமையால் மறைந்தது என்பதே பொருத்தமுடையது.

அட்டனில் எழுந்த குரல்

இந்நிலையை மாற்றிய முதற்பெண் மீனாட்சி அம்மையார் ஆவார். அவர்தம் பணியை அறிதற்கு அவர் கணவர் கோ. நடேசய்யரின் பணியைச் சிறிது அறிதல் வேண்டும்.

தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர், 1920களின் தொடக்கத்தில் 'தேசநேசன்', 1924 முதல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். தோட்டம் அக்காலத்தில் துரையின் தனிநிலம். அயலார் உட்புகுதல் குற்றமெனக் கொள்ளப்பட்டது. துணி விற்பவரைப் போலத் தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளர் நிலையை அவர் நேரிற் கண்டார் என்பர். 1931இல் அட்டனை நடுவிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார், 1947இல் மறைந்தார். அவர் வரலாற்றைச் சாரல் நாடன் 1988இல் நூலாக எழுதினார்.

நடேசய்யர் கையாண்ட கருவிகள் இரண்டு: ஒன்று பேச்சு, மற்றொன்று அச்சு. இவ்விரண்டோடு பாட்டையும் சேர்த்தவர் மீனாட்சி அம்மையார். பத்திரிகைப் பணியில் அவர் கணவரோடு உழைத்தார். பெண்களின் உரிமை குறித்து எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். பொதுவிடத்தில் ஆடவர் திரண்ட கூட்டத்தின் முன் ஒரு பெண் நின்று அரசியற் பாட்டுப் பாடுதல் அக்காலத்துத் தமிழ்ச் சமூகத்தில் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று. அதே காலத்திற் தமிழகத்தில் கே. பி. சுந்தராம்பாள் தேசியப் பாடல்களைப் பாடி இசைத்தட்டிற் பதிவித்தார். ஆனால் அவர் நாடக மேடையிற் பெயர் பெற்ற பின்னர் அது நிகழ்ந்தது. மீனாட்சி அம்மையாருக்கு நாடக மேடையும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. தெருவும் கூட்டமுமே அவருடைய மேடை.

1939ஆம் ஆண்டு இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கு இடர் மிகுந்த ஆண்டு. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் முடிவு அவ்வாண்டு செயற்படுத்தப்பட்டது. ஜூலை மாதத்தில் நேரு கொழும்புக்கு வந்தார். அவர் வருகையை அடுத்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். இச்சூழலிலேதான் மீனாட்சி அம்மையாரின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரோடு 1940இல் சிறுநூலாக அச்சேறின.

அச்சிறுநூலின் சிறப்பு யாது? தமிழகத்தில், குறிப்பாகச் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில், சிறு பாட்டுப் புத்தகங்களை அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கம் முன்னரே இருந்தது. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, தேசியப் பாட்டு எனப் பலவும் அவ்வாறு பரவின. பாட்டின் தலைப்பில் பழகிய மெட்டொன்றின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பாடினால், வாசிக்கத் தெரியாத பலர் அதனைக் கேட்டுத் தம் நெஞ்சிற் பதித்துக்கொள்வர். எழுத்தறிவு குறைந்த சமூகத்திற்கு இதனினும் ஏற்ற ஊடகம் பிறிதில்லை. பத்திரிகைத் தலையங்கம் ஒருவரோடு நின்றுவிடும்; பாட்டு லயத்தின் பத்துக் காம்பராக்களுக்கும் செல்லும். தோட்ட வாயிலில் பேச்சாளரைத் தடுக்கலாம். தொழிலாளியின் நாவில் ஏறிச் செல்லும் பாட்டைத் தடுத்தல் அரிது.

இவ்வழக்கத்தை அம்மையார் மலைநாட்டுத் தொழிலாளரின் உரிமைக்குப் பயன்படுத்தினார் என்பது முதற் சிறப்பு. அதனினும் பெரிய சிறப்பு ஒன்றுண்டு. தொழிலாளரின் துயரைப் பாடிய பாட்டு, பாடியவள் பெயரோடு அச்சிலே நின்றது. நூறாண்டுக்கு மேலாகத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பெயரின்றிக் கலந்து கிடந்த பெண்குரலுக்கு அன்றுதான் முகப்பு அட்டையில் ஓரிடம் கிடைத்தது.

அவருடைய பாடல்கள் பிரசாரப் பாடல்கள், கவிதை அல்ல என்று கூறுவாரும் உளர். இக்கூற்றில் ஒருபகுதி உண்மை உண்டு. அவை கூட்டத்தை நோக்கிப் பாடப்பட்டவை. நுண்ணிய அணிநலம் தேடுவார்க்கு அவை ஏமாற்றம் தரலாம். எனினும் ஒரு கலையின் வரலாற்றில் முதலடி எடுத்துவைத்தோரை, பின்வந்தோர் எய்திய நயத்தைக் கொண்டு அளத்தல் முறையன்று. பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டதோ அவரை அடைந்ததா என்பதே அதற்குரிய அளவுகோல்.

அயல்நாட்டு ஒப்புமையும் அறுந்த தொடர்ச்சியும்

அதே காலப் பகுதியில் பிற தமிழ்நிலங்களிலும் பெண்கள் அச்சுக் கருவியைக் கைக்கொண்டனர். யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ்மகள்' என்னும் இதழைத் தொடங்கினார். சென்னையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' என்னும் இதழை ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார்.

கோதைநாயகி அம்மாளின் வரலாறு ஈண்டு நினைக்கத் தக்கது. ஐந்து வயதில் மணம் முடிக்கப்பட்டுப் பள்ளிக் கல்வி பெறாத அவர், தம் முதல் நாடகமாகிய 'இந்திர மோகனா'வை வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் அதனை எழுதினார். நூறுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றிய எழுத்தாளர் ஒருவரின் முதல் நூல் தோழியின் கையெழுத்திலே பிறந்தது என்பது பெண்களின் கலைவரலாற்றில் துணையின் இடத்தைத் தெளிவாக உணர்த்தும். பின்னர் அவர் தம் இதழைப் பிற பெண்களின் எழுத்துக்கும் களமாக்கினார். பெற்ற துணையைப் பிறர்க்கு வழங்கும் அமைப்பாக 'ஜகன்மோகினி' நின்றது.

மீனாட்சி அம்மையாருக்கும் இவர்களுக்குமுள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகின்றது. அவரிடம் குரல் இருந்தது, பாட்டு இருந்தது, அச்சும் எட்டியது. ஆனால் பின்வரும் பெண்களைப் பயிற்றித் தொடர்ந்து எழுதச் செய்யும் இதழோ சங்கமோ மலைநாட்டுப் பெண்களுக்கென அமையவில்லை. அம்முயற்சி பெரிதும் ஒரு குடும்பத்தின் தோள்மீது நின்றது. நடேசய்யர் மறைந்தபின் அதன் தொடர்ச்சி அறுந்தது. இது தனிப்பட்டோர் குறை எனக் கொள்ளற்க. நாட்கூலி 43 சதம் பெற்ற பெண்ணுக்கு இதழ் நடத்தும் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை, தோட்டத்தை விட்டு வெளிச்செல்லும் உரிமையும் இல்லை. கல்வியும் நிலவுடைமையும் கொண்ட யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தின் நிலையும், லயத்துக் காம்பராவின் நிலையும் ஒன்றல்ல.

அடுத்து வந்த அரசியல் இடர் அத்தொடர்ச்சியை மேலும் அறுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. வாய்மொழிப் பாட்டு ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்கு அருகிருந்து கேட்டலால் செல்வது. பாடுபவள் நீலகிரிக்கும் கேட்பவள் நோர்வூட்டுக்குமாகப் பிரிந்தபோது பாட்டின் தொடர்ச்சியும் பிரிந்தது. ஒப்பந்தத்தின் இலக்கங்களில் இவ்விழப்பு எழுதப்படவில்லை.

மன்றமும் நாவலும்

1960களில் மலைநாட்டில் எழுத்து மறுமலர்ச்சி ஒன்று தோன்றிற்று. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம், 1930இல் தொடங்கப்பட்ட 'வீரகேசரி' நாளிதழின் துணையோடு சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் தொகுதியாக வெளிவந்தன. புதிய எழுத்தாளரைத் தேடிக் கண்டு, பரிசளித்து, நூலாக்கி நிறுத்தும் அமைப்பு ஒன்று மலைநாட்டில் இவ்வாறு உருவாயிற்று. முன்னர்க் கூறிய நான்கும், அஃதாவது கருவி, களம், பெயர், துணை என்பன, ஒருங்கே அமைந்த காலம் அது.

பெண்களுள் கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' என்னும் நாவலை 1964இல் வெளியிட்டார். தமிழகத்துச் சிற்றூரிலிருந்து தோட்டம் நோக்கி வந்த மக்களின் வாழ்வை அது கூறுகின்றது. பின்னர் 2006இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நயீமா சித்தீக் 'வாழ்க்கைப் பயணம்' என்னும் நாவலைப் படைத்தார். எனினும் மலைநாட்டு எழுத்தியக்கத்தில் பெண்கள் நெடுங்காலம் சிறுபான்மையராகவே இருந்தனர். இதற்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் ஏற்கப்பட்டது 1970களிலேயே. அதற்கு முன்னர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சிலரே. மன்றக் கூட்டங்கள் அட்டனிலோ கண்டியிலோ நிகழும். மாலையில் அங்குச் சென்று இரவில் மீளுதல் இளம்பெண்ணுக்கு இயலாதது. கருவி இருந்தும் களம் எட்டாத நிலை அது.

இக்குறையை உணர்ந்து செயற்பட்டோருள் அந்தனி ஜீவா குறிப்பிடத் தக்கவர். 'கொழுந்து' என்னும் இதழை நடத்திய அவர், மலையகப் பெண்களின் ஆக்கங்களைத் தனியே திரட்டிக் 'குறிஞ்சி மலர்கள்', 'குறிஞ்சிக் குயில்கள்' என்னும் தொகுதிகளாக்கினார். சிதறிக் கிடந்த பெயர்கள் ஓரிடத்திற் கூடியபோதுதான் மலையகப் பெண் எழுத்து என்று ஒன்று உண்டென்பது பலர்க்குப் புலனாயிற்று.

இணையத்தில் கூடிய அவை

1980களில் பெண்விடுதலைச் சிந்தனை இலங்கைத் தமிழரிடையே புதிய வேகம் பெற்றது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்னும் கவிதைத் தொகுதியைச் சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியால் வெளியிட்டது. போரினால் ஐரோப்பாவிற் புகலடைந்த தமிழ்ப் பெண்கள் 1990இல் ஜேர்மனியில் 'பெண்கள் சந்திப்பு' என்னும் கூட்டத்தைத் தொடங்கிப் பல நாடுகளிலும் நடத்தினர். அச்சந்திப்புக்களின் வழியே வளர்ந்த தொடர்புகள் இணையத்தின் வருகையோடு வேறோர் உருவம் பெற்றன. சுவிட்சர்லாந்தில் வாழும் றஞ்சியின் முயற்சியால் 2005இல் 'ஊடறு' என்னும் பெண்ணிய இணைய இதழ் தோன்றிற்று.

ஊடறுவின் பணி மலைநாட்டுக்கும் எட்டியது. 2007இல் அவ்வமைப்பு மலையகப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்து 'இசை பிழியப்பட்ட வீணை' என்னும் நூலாக்கியது. பின்னர் மலையகப் பெண்களின் சிறுகதைகளைத் தொகுத்து 'மலையகா' என்னும் நூலையும் வெளியிட்டது. அட்டனில் 1940இல் ஒருத்தியின் பெயரோடு நின்ற முயற்சி, கடல் கடந்த பெண்களின் துணையோடு பலருடைய பெயர்களைத் தாங்கிய தொகுதிகளாக விரிந்தது.

இணையம் தந்த நன்மை யாதெனில், களம் பெண்ணைத் தேடி வந்தமையாகும். எழுதியதை அனுப்ப நகரத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. அச்சுச் செலவைத் தாங்க வேண்டுவதில்லை. வெளிப்படப் பெயரிட அஞ்சுபவள் புனைபெயரிற் தொடங்கலாம். துணிவு வந்தபின் சொந்தப் பெயரை இடலாம். நோர்வூட்டில் எழுதிய கவிதையைச் சூரிச்சில் இருப்பவளும் கோலாலம்பூரில் இருப்பவளும் அன்றே படித்துக் கருத்துரைக்கலாம். கோதைநாயகி அம்மாளுக்குத் தோழி பட்டம்மாள் செய்த துணையை, முகம் அறியாத தோழியர் பலர் செய்யும் காலம் இது.

எழுத்தோடு பிற கலைகளும் இப்பொழுது வளர்ந்துள்ளன. அட்டனிற் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலையையே தம் கலைக்குப் பொருளாக்கி, தோட்டப் பெண்ணின் வாழ்வை இலங்கைக்கு அப்பாலும் காட்சிக்கு வைத்துள்ளார். தாயும் பாட்டியும் கூடையிற் சுமந்த இலை, மகளின் கையில் ஓவியப் பொருளாயிற்று. கம்பளைக்கு அண்மையிற் பழைய லயக் காம்பராக்களிலே 2007இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், அம்மக்கள் கையாண்ட பொருள்களைக் காத்து வருகின்றது. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவு நினைவு கொள்ளப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே அவர்தம் வழித்தோன்றல்கள் நடந்தனர்.

எனினும் புதிய கருவியின் குறையையும் மறத்தலாகாது. தாளில் அச்சான பாட்டு எண்பது ஆண்டு கழிந்தும் கைக்கு எட்டும். இணையத்தில் இட்ட பாட்டு, பராமரிப்பார் இலரேல் ஒரே நாளில் மறையும். முகநூலிற் பகிரப்படும் பாட்டு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும்போது இயற்றியவள் பெயர் உதிர்ந்துவிடுதல் நாள்தோறும் காணும் நிகழ்ச்சி. ஒப்பாரி பாடியவள் பெயர் மறைந்தவாறே, கைத்தொலைபேசியிற் பாடியவள் பெயரும் மறையலாம். கருவி புதிதாயினும் பழைய இழப்பு மீள வருதல் கூடும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருதல் இவ்விடரை நோக்கப் பெரிய ஆறுதல். ஆயினும் காக்கப்படுவதற்கு முன் ஒரு பாட்டு எழுதப்பட வேண்டும். எழுதப்படும்போது பெயர் குறிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். மலைநாட்டுப் பெண்ணிடம் கலை இல்லாத காலம் ஒன்று இருந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் அதற்குச் சான்று. இல்லாதிருந்தவை கருவியும் களமும் பெயரும் துணையுமே. மீனாட்சி அம்மையாருக்கு அச்சுத் துணை கிடைத்தது. அவர் பெயர் நின்றது. அவருக்குப்பின் துணையமைப்பு இல்லாமையால் இடைவெளி நேர்ந்தது. மன்றமும் இதழும் இணையக் கூட்டமும் தோன்றியபோது மறுபடியும் பெயர்கள் எழுந்தன. பிறர்க்குக் களம் அமைத்துக் கொடுத்த ஒவ்வொரு முயற்சியும், தனியொருவரின் புகழைவிட நெடிது பயன் தந்திருக்கின்றது.

இவ்வுண்மை கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு கடமையைக் காட்டுகின்றது. நாட்டார் பாடல் தொகுத்துவருமாறு மாணவர்க்குப் பணி கொடுத்தல் பல பாடசாலைகளில் வழக்கம். மாணவர் தம் பாட்டியரிடமும் அயல் வீட்டாரிடமும் கேட்டு எழுதி வருவர். அக்குறிப்பேடுகளில் பாட்டு இருக்கும். பாடியவர் பெயர் பெரும்பாலும் இராது. பாட்டின் கீழே பாடிய அம்மையின் பெயர், தோட்டத்தின் பெயர், மலைப் பிரிவு, பாடிய ஆண்டு ஆகிய நான்கையும் அவர் இசைவுடன் எழுதுமாறு ஆசிரியர் பணித்தல் வேண்டும். பாட்டை யாரிடம் கற்றார் என்றும் கேட்டு எழுதுவித்தல் நன்று. கைத்தொலைபேசியிற் குரலைப் பதிவு செய்வோர் தொடக்கத்திலேயே பெயரைக் கூறுவித்தல் அதனினும் நன்று. இதற்குப் பொருட்செலவு இல்லை. இன்று எண்பது வயதைக் கடந்த அம்மையர் பலர் தோட்டங்களில் இன்னும் வாழ்கின்றனர். 1964க்கு முன் பாடப்பட்ட பாட்டுக்களைத் தம் அன்னையரிடம் நேரிற் கேட்டவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்டு எழுத எஞ்சியுள்ள காலம் குறுகியது.